நாளையை மலிவாக விற்றவர் யார்?

அண்மையில் மலையக நகரொன்றில் நூல் வெளியீட்டு விழாவொன்று நடந்தது. பேச்சுக்கள் முடிந்து பிளேன்டீயும் வாய்ப்பனும் வந்த நேரத்தில், மண்டபத்துக்கு வெளியே விறாந்தையில் எம்மவர் நாலைந்து பேர் கூடி நின்றோம். கதை தோட்டத் தொழிலாளர் பக்கம் திரும்பியது. நான் மிகவும் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர் சொன்னார்: "தோட்டத்து ஆளுக்கு நாளைக்கு என்ற ஒன்று கிடையாது. கையில் நூறு ரூபா கிடைத்தால் புகையாக ஊதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். இது நான் சொல்வதல்ல. விஞ்ஞானமே இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது."

இதைச் சொன்னபோது அவருடைய விரல்களுக்கிடையிலும் ஒரு சிகரட் புகைந்துகொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கான கஃப்பாராவாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்மொண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோரன் பிக்கல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இப்போது புகைப்பவர்கள், ஒருபோதும் புகைக்காதவர்கள், புகைத்துப் பின்னர் விட்டவர்கள் என மூன்று சாராரிடம் ஒரே விதமான கேள்விகளைக் கேட்டார்கள். ஆயிரம் டொலர் காலம் தாழ்த்தி வேண்டுமா, அதைவிடக் குறைந்த தொகை இப்போதே வேண்டுமா? பணம் கற்பனைப் பணம்தான். காத்திருக்கும் காலம் ஒரு வாரத்திலிருந்து இருபத்தைந்து ஆண்டுவரை போனது. புகைப்பவர்களின் மனக்கணக்கில் பின்னால் வரவேண்டிய ஆயிரம் மற்ற இரு சாராரின் கணக்கைவிட வேகமாகத் தேய்ந்தது. சிறிய தொகையென்றாலும் இப்போதே போதும் என்றார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகளும் பெரும்பாலும் இப்படியே சொல்லின.

இதில் எமக்குப் புதுமை எதுவுமில்லை. குர்ஆன் இவ்வுலகத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்று 'ஆஜிலா'. உடனே கைக்கு வருவது என்று பொருள். அதற்கு எதிரே நிற்பது 'ஆகிரா', பின்னால் வருவது. மனிதன் முன்னதை நேசித்துப் பின்னதைக் கைவிடுகிறான் என்ற எச்சரிக்கையை மக்தபில் ஓதிய பிள்ளைகளும் அறிவார்கள். கவனிக்க வேண்டியது, அங்கே பேசப்படுவது மனிதன். தோட்டத்து ஆள் மட்டுமல்ல.

அந்த ஆய்வில் எங்கள் மூத்தவர் சொல்லாமல் விட்ட பகுதியொன்றும் உண்டு. புகைத்துப் பின்னர் விட்டவர்கள், ஒருபோதும் புகைக்காதவர்களைப் போலவே பதில் சொன்னார்கள். விட்டதனால் அப்படி மாறினார்களா, அப்படிப்பட்டவர்களாக இருந்ததனால்தான் விட முடிந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒருகாலத்தில் புகைத்தவன் என்பதற்காக அவனுக்கு நாளை கிடையாது என்று அந்த ஆய்வை வைத்துத் தீர்ப்புக் கூற முடியாது.

நானும் பதினெட்டு ஆண்டுகள் புகைத்தவன். அரசாங்கப் பாடசாலை ஆசிரியன். மாதம் தவறாத சம்பளம், முடிவில் ஓய்வூதியம். என் எதிர்காலத்துக்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் இடைவேளை மணி அடித்ததும் பாடசாலைப் பின்மதிலை நோக்கி ஓடினேன். நிக்கொட்டின் சில வினாடிகளில் மூளைக்குப் போய்ச் சேருகிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. பின்னர் உடம்பு மறுபடியும் கேட்கிறது. இது ஆசிரியனுக்கும் கொழுந்து மலையில் நிற்பவனுக்கும் ஒன்றுதான். ஆனால் நான் புகைத்த காலத்தில், 'வாத்திமாருக்கு நாளை என்ற ஒன்று கிடையாது' என்று யாரும் சொன்னதில்லை. என்னுடையது ஒரு பழக்கம். தோட்டத்தானுடையது அவன் பிறப்போடு வந்த புத்தி. விஞ்ஞானத்தின் பெயரால் விறாந்தையில் நடந்தது இந்தப் பாகுபாடுதான்.

இனி அந்த ஆயிரத்துக்கு வருவோம். ஆய்வுகூடத்தில் கற்பனையாகக் கேட்கப்பட்ட கேள்வி எங்கள் மலைகளில் நிஜமாகவே கேட்கப்பட்டது. நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015ஆம் ஆண்டளவில் தொழிற்சங்க மேடைகளில் உரத்து ஒலித்தது. அன்றைய நாணய மாற்றில் ஆயிரம் ரூபா ஏறக்குறைய 7 டொலர். தொழிலாளர் காத்திருந்தனர். 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவானது. 2019இல் 700 ரூபாவானது. இடையில் வேலைநிறுத்தம், சத்தியாக்கிரகம், தேர்தல் வாக்குறுதிகள். ஈற்றில் 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதென்றும், நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுகிறார்கள் என்றும் தொழிலாளர் முறையிட்டனர். வந்து சேர்ந்த ஆயிரத்தின் பெறுமதி அப்போது 5 டொலர். அடுத்த ஆண்டு நாடு வங்குரோத்தானது. 2022 மே மாதம் அதே ஆயிரம் 3 டொலருக்கும் குறைவாகப் போயிற்று. மாவும் பருப்பும் எட்டாத உயரத்துக்கு ஏறின. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தபோதும், 2015இல் கேட்ட அந்த 7 டொலருக்கு அது ஈடாகவில்லை.

இப்போது சொல்லுங்கள். பின்னால் வரும் ஆயிரத்தின் பெறுமதியைத் தேய்த்தது யார்? புகைத்துக்கொண்டிருந்தவனா?

பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு உண்டு. ஒரு இனிப்பை மேசையில் வைத்துவிட்டு, 'நான் திரும்பி வரும்வரை இதைத் தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்' என்று சொல்லிப் போவார்கள். பொறுத்திருக்கும் பிள்ளை பிற்காலத்தில் முன்னேறும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். எமது பாடசாலைக் கருத்தரங்குகளிலும் இந்தக் கதை சொல்லப்பட்டதுண்டு. ஆனால் அமெரிக்காவின் ரொச்சஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் ஒரு மாற்றத்தைச் செய்தனர். இனிப்பை வைப்பதற்கு முன், நல்ல வர்ணப் பென்சில்கள் கொண்டு வருவதாகப் பிள்ளைகளிடம் வாக்களித்தனர். ஒரு சாராருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தனர். மற்றச் சாராரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டனர். அதன்பின் இனிப்பு வைத்தபோது, வாக்கு நிறைவேறக் கண்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தனர். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். பிள்ளைகளின் புத்தியில் பேதம் இருக்கவில்லை. சொன்னவரின் நாணயத்தில்தான் இருந்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய நாட்களில் சிந்தனைச் சோதனைகளில் தடுமாறிய அதே மனிதர்கள், காசு வந்த பின்னர் மேலாகச் செய்தனர். ஆள் மாறவில்லை. மாதம்தான் மாறியது.

மலையகத்தானிடம் மாறாக்காலம் ஒன்றே இருந்தது. பிள்ளைகளிடம் வர்ணப் பென்சில் விடயத்தில் ஒரு தடவை செய்ததை அவனிடம் இருநூறு ஆண்டுகளாகச் செய்திருக்கிறார்கள். கடனோடுதான் அவனுடைய பாட்டன் கப்பலேறினான். கங்காணியின் 'துண்டு' என்ற கடன் சீட்டு 1921வரை அவனைத் தோட்டத்தோடு கட்டி வைத்திருந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் என்ன ஆவார்கள் என்பது பின்னர் பேசித் தீர்க்க வேண்டியதாகப் பத்து ஆண்டுகள் கிடந்தது. அந்த ஆண்டுகளில் லயத்துக்கு முன்னால் ஒரு பலாக்கன்று நடுவதா வேண்டாமா என்று ஒருவன் எப்படி முடிவெடுத்திருப்பான்? பழம் பறிக்கும்போது தலைமன்னாரில் கப்பலேறியிருப்பானா, இங்கேயே இருப்பானா என்பது அவனுக்கே தெரியாது. குடியிருக்கும் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவனிடமிருந்து நூற்றுக்கு 8 வெட்டுகிறார்கள். தோட்டம் 12 போடவேண்டும். அரசாங்கத்தின் கீழுள்ள தோட்டங்களிலேயே அது பல்லாண்டுகள் கட்டப்படாமல் கிடந்தது பற்றிப் பாராளுமன்றத்தில் பேசப்பட்டிருக்கிறது.

யூசுப் நபியின் வரலாற்றை நாம் அடிக்கடி சொல்கிறோம். ஏழு செழிப்பான ஆண்டுகளில் சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடந்த வரலாறு. அதைச் சிக்கனத்துக்கான பயானாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். அங்கே களஞ்சியத்தின் பொறுப்பை ஏற்றவர் நம்பிக்கையானவர் என்பதை மறந்துவிடுகிறோம். தானியத்தைக் காத்துத் திருப்பிக் கொடுக்க ஒருவர் இருந்தார், ஆகவே சேமிப்பு நடந்தது. களஞ்சியக்காரன் களவாடும் நாட்டில் அன்றன்றைக்கு உண்டு தீர்ப்பவனை மூடன் என்பதா?

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவது எமக்கு இலகு. குற்றவாளிகள் வெள்ளைக்காரத் துரை, கம்பனி, அரசாங்கம், சங்கத் தலைவர்கள். நாம் யாரும் இல்லை. ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரையுள்ள பாதையோரக் கடைவீதிகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கடைகளில் எத்தனை எம்மவருடையவை?

என் வாப்பாவும் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் கடை வைத்திருந்தார். இனிப்புப் போத்தல்களுக்கு நடுவில் ஒரு சிகரட் பெட்டி எப்போதும் திறந்தபடி இருக்கும். கடை வாசல் தூணில் தும்புக் கயிறொன்று தொங்கும். அதன் நுனியில் நாள் முழுவதும் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும். "நானா, ரெண்டு பிறிஸ்டல். எழுதிக்குங்க" என்பார்கள். வாப்பா பற்றுக் கொப்பியில் 'சி 2' என்று எழுதுவார். மாவும் பருப்பும் கருவாடும் வாங்கிய அதே பக்கத்தில் 'சி 2' வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். கொப்பியில் இருந்தது புருஷனின் பெயர். தீர்த்தது பெரும்பாலும் மனைவி பறித்த கொழுந்து. பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் புருஷனே கையொப்பமிட்டு எடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அவள் ஒருபோதும் புகைத்தவளல்லள்.

வாப்பா கெட்ட மனிதரல்லர். பணமில்லாதவனுக்கு மருந்துச் செலவு கொடுத்து, திருப்பிக் கேட்காமல் விட்டவர். ஆனால் 'இன்று எடு, பிறகு தா' என்ற வியாபாரம் எதை வளர்க்கிறது என்று அவர் யோசித்ததில்லை. ஒரு முழுப் பெட்டி வாங்க அந்தத் தொழிலாளியிடம் ஒருநாளும் காசு இருந்ததில்லை. ஒற்றையாகவும் பற்றுக்கும் கிடைத்ததால்தான் அவனால் நாள்தோறும் புகைக்க முடிந்தது. ஆய்வுகூடக்காரன் கேட்ட கேள்வியை எங்கள் கடை நாளுக்கு நான்கு தடவை அவனிடம் கேட்டது. பதில் சொல்ல வசதியாக நெருப்பையும் தொங்கவிட்டிருந்தது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதைத் தடை செய்தது. 'அப்பாவுக்கு' என்று வரும் பத்து வயதுப் பையனிடம் கொடுத்தனுப்பாத கடைகள் எத்தனை? 2015 முதல் பெட்டியின் நூற்றுக்கு 80 பங்கில் நோய்ப் படங்கள் அச்சாகின்றன. ஆனால் ஒற்றைச் சிகரட் வாங்குபவன் பெட்டியைத் தொடுவதே இல்லை. அழுகிய வாயின் படத்தையும், கருகிய நுரையீரலின் படத்தையும் தினமும் பார்ப்பவன் கடைக்காரன்தான். எச்சரிக்கை எமக்குத்தான் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான் என்பது வழமையான பதில். சாராயத்தையும் பக்கத்துக் கடைக்காரன் விற்கிறானே! தோட்டப் பகுதியில் அதைவிட இலாபமான வியாபாரம் வேறெது? இருந்தும் எம்மவரில் மானமுள்ள எந்த வியாபாரியும் அதைத் தொடுவதில்லை. கொள்கைக்காக இலாபத்தை விடத் தெரிந்த சமூகம்தான் நாம். சிகரட் விடயத்தில் மட்டும் மக்ரூஹா ஹராமா என்ற வாதத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் தீங்கு அறியப்படாத காலத்து வாதம் அது. நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரட்டுக்கும் உள்ள தொடர்பை டோலும் ஹில்லும் 1950இலேயே எடுத்துக்காட்டிவிட்டனர். பல நாட்டு உலமாக்கள் ஹராம் என்றும் சொல்லிவிட்டனர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முன்னின்று பேசியதன் பேரில், இந்நாட்டின் சில ஊர்களில் கடைக்காரர்கள் தாமாகவே சிகரட் விற்பதை நிறுத்தியும் இருக்கிறார்கள். முடியாத காரியமல்ல.

அவனுக்குள்ள ஒரே ஆறுதலையும் பறிப்பதா என்று கேட்பவர்கள் எழுத்தாளர்கள். அந்த ஆறுதலில் பெரும் பங்கு முந்திய சிகரட் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதுதான் என்பதைப் பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்படியானால் புகைப்பவன் குற்றமற்றவனா? அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையின் பால்மாக் காசில் புகைப்பவன் பிள்ளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சிகரட் நூறு ரூபாவைத் தாண்டிவிட்ட காலம் இது. ஆனால் 'உனக்கு நாளை கிடையாது' என்று சொல்லிவிட்டால் அவனிடம் கணக்குக் கேட்கும் உரிமையையும் நாம் இழந்துவிடுகிறோம். நாளை உள்ளவனிடம்தானே நாளையைப் பற்றிப் பேசலாம்?

பேசுவதற்கு ஒரு விடயமும் உண்டு. பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2004இல் வெளியான ஆய்வின்படி, வாழ்நாள் முழுவதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டவர் அந்தப் பத்தையும் ஏறக்குறைய முழுதாக மீட்கிறார். நாற்பதில் விட்டவர் ஒன்பதையும், ஐம்பதில் விட்டவர் ஆறையும், அறுபதில் விட்டவர் மூன்றையும் மீட்கிறார். மலையகத்தானுக்கு இதுவரை சொல்லப்பட்ட எல்லா நாளைகளும் வேறு யாரோ நிறைவேற்ற வேண்டியவை. இந்த ஒன்பது ஆண்டுகளுக்கு வர்த்தமானி தேவையில்லை. கூட்டு ஒப்பந்தம் தேவையில்லை. எந்தக் கம்பனியும் இதை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது. அவனுக்கு இதைச் சொன்னவர்கள் எம்மில் யார்?

இது இலக்கியச் சஞ்சிகை. ஆகவே எழுத்தாளர்களோடு முடிக்கிறேன். அதே பிக்கலும் அவருடைய சகாக்களும் 2016இல் இன்னொன்றைக் கண்டனர். புகைப்பவர்களிடம், தம் வாழ்வில் வரவிருக்கும் நல்ல நிகழ்வொன்றை இடம், ஆட்கள், ஓசை எல்லாவற்றோடும் விபரமாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அப்படிச் செய்தபோது பின்னால் வருவதன் பெறுமதி அவர்களுடைய கணக்கில் உயர்ந்தது. ஆய்வுகூடத்தில் அவர்கள் புகைத்ததும் குறைந்தது. வராத நாளை வந்ததுபோல் காட்டுவது யாருடைய தொழில்? எங்களுடையது. நாம் என்ன செய்தோம்? எமது கதைகளில் சிகரட் புகைத்தால் அவன் சிந்திக்கிறான் என்று பொருள். எமது தோட்டத்துக் கதைகளில் தொழிலாளி குளிரில் இருமி, மழையில் செத்துப் போகிறான். அவன் மகள் பரீட்சை எழுதும் காலையைக் காட்டுவதில்லை. அவன் தாத்தாவாகி வாசலில் உட்கார்ந்திருக்கும் மாலையைக் காட்டுவதில்லை. நானாவின் கடை வந்தால் அது பஞ்ச காலத்தில் கைகொடுத்த கடையாகவே வருகிறது. பற்றுக் கொப்பியை நாம் திறப்பதே இல்லை.

தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கத்தைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவர் அப்துல் அஸீஸ், எம்மவர். மேடையில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் நின்றது தொழிலாளியின் பக்கத்தில். பெரும்பாலான நாம் நிற்பது கடை மேசைக்குப் பின்னால். இரண்டும் எமது வரலாறுதான்.

விறாந்தையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிட்டேன். மூத்தவருக்கு மறுப்பிருந்தால் எழுதட்டும், மரியாதையோடு வாசிப்பேன். அதற்கு முன் அவரிடமும் மற்ற எழுத்தாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். எம்மவரின் கடைக்குள், அந்தக் கொப்பி திறந்திருக்கும் மேசைக்கு முன்னால், அப்பாவுக்குச் சிகரட் வாங்க வந்து நிற்கும் பத்து வயதுப் பையனை வைத்து ஒரு கதை எழுதுங்கள். கடைக்காரர் அவனிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.